கண்ணுக்குத் தெரிவதை ஏன் நிரூபிக்க வேண்டும்?

இருசமபக்க முக்கோணம் ஒன்றைப் பலகையில் வரைந்து, "இதன் அடிக்கோணங்கள் இரண்டும் சமம் என நிரூபி" என்று சொன்னால், வகுப்பில் பாதிப் பேரின் மனதில் ஓடுவது ஒரே கேள்விதான்: பார்த்தாலே தெரிகிறதே, இதில் நிரூபிக்க என்ன இருக்கிறது?

நியாயமான கேள்வி. அதற்குப் பதில் சொல்லாமல், "தரவு, நிரூபிக்க வேண்டியது, அமைப்பு, நிரூபணம் என்று நான்கு தலைப்புப் போட்டு எழுது" என்று நேராக வடிவத்துக்குப் போய்விடுவதால்தான் வடிவியல் ஒரு மனப்பாடப் பாடமாகிவிடுகிறது என்பது என் எண்ணம். தேற்றத்தை வரி மாறாமல் ஒப்பிக்கிற மாணவர், படத்தில் எழுத்துகளை மாற்றிவிட்டால் திணறுகிறார். எண்கணிதத்திலும் இயற்கணிதத்திலும் அதுவரை "விடை என்ன" என்று மட்டுமே கேட்டுக்கொண்டிருந்த பாடம் இங்கே வந்ததும் திடீரென்று "விடை இதுதான், ஏன் என்று சொல்" என்கிறது. ஆட்டமே மாறிவிட்டது. ஆனால் மாறிவிட்டது என்று யாரும் அறிவிக்கவில்லை.

சரி, பார்த்தாலே தெரிகிறது என்பதில் என்ன குறை?

முதல் குறை, நாம் பார்ப்பது ஒரு படத்தை. தேற்றம் பேசுவது எல்லாப் படங்களையும் பற்றி. ஒரு முக்கோணத்தின் மூன்று கோணங்களையும் கோணமானியால் அளந்து கூட்டினால் ஒருவருக்கு 179° வரும், இன்னொருவருக்கு 181° வரும். கூர்மையான பென்சிலும் பொறுமையும் இருந்தால் 180° கிடைக்கும். ஆயிரம் முக்கோணங்களை அளந்தாலும் ஆயிரத்தொன்றாவது பற்றி உறுதியாக ஒன்றும் சொல்ல முடியாது. "ஆயிரம் தடவை சரியாக வந்தது போதாதா?" என்று கேட்பவர்களுக்கு ஒரு சின்னப் பயிற்சி கொடுக்கலாம். வட்டத்தின் மேல் 2 புள்ளிகள் வைத்து நாண் வரைந்தால் வட்டம் 2 பகுதிகளாகும். 3 புள்ளிகள் வைத்து எல்லா ஜோடிகளையும் இணைத்தால் 4 பகுதிகள். 4 புள்ளிகளுக்கு 8. 5 புள்ளிகளுக்கு 16. அடுத்தது 32 என்று யாரும் யோசிக்காமல் எழுதிவிடுவார்கள். உள்ளே எந்த மூன்று நாண்களும் ஒரே புள்ளியில் சந்திக்காதபடி 6 புள்ளிகளை வைத்து எண்ணிப் பாருங்கள்: 31. எவ்வளவு தேடினாலும் அந்த 32-ஆவது பகுதி அகப்படாது. இந்த ஒரு பயிற்சி, நிரூபணம் எதற்கு என்று அரை மணி நேரம் பேசுவதைவிடப் பயன் தரும்.

இரண்டாவது குறை கொஞ்சம் விஷமமானது: படம் பொய் சொல்லும். எல்லா முக்கோணங்களும் இருசமபக்க முக்கோணங்களே என்று "நிரூபிக்கும்" பழைய புதிர் ஒன்று உண்டு. கசட என்று ஏதோ ஒரு முக்கோணம். க கோணத்தின் இருசமவெட்டியையும், சட பக்கத்தின் மையக்குத்துக்கோட்டையும் வரையுங்கள். இரண்டும் முக்கோணத்துக்கு உள்ளே ம என்ற புள்ளியில் சந்திப்பதாகப் படம் போடுங்கள். ம-விலிருந்து கச, கட இரண்டுக்கும் செங்குத்துகள் இறக்குங்கள். அதன் பிறகு சர்வசம முக்கோணங்களை, அதாவது வடிவமும் அளவும் ஒன்றாக உள்ள முக்கோணங்களை வைத்து ஒவ்வொரு படியாகப் போனால், கச-வின் இரண்டு துண்டுகளும் கட-வின் இரண்டு துண்டுகளுக்கு முறையே சமம் என்று வரும். கூட்டினால் கச = கட. ஒவ்வொரு படிக்கும் எழுதிய காரணம் சரியானதே. தப்பு எங்கே? ம உள்ளே இருக்கிறது என்று படத்தில் போட்டோமே, அங்கே. கச, கட சமமாக இல்லாத முக்கோணத்தில் அந்தப் புள்ளி எப்போதும் வெளியேதான் விழும். செங்குத்துகளில் ஒன்று பக்கத்தின் மேலும், மற்றொன்று பக்கத்தின் நீட்சியிலும் போய் நிற்கும். அதனால் ஒரு பக்கத்துக்குக் கூட்ட வேண்டும், இன்னொன்றுக்குக் கழிக்க வேண்டும். அளவுகோலை வைத்து ஒழுங்காக வரைந்திருந்தால் இந்த மாயம் நடந்திருக்காது.

படம் யோசிக்க உதவும், சாட்சி சொல்ல வராது. வடிவியல் நிரூபணத்தில் ஒரு மாணவர் முதலில் பழக வேண்டியது இதுதான். படத்தில் இரண்டு கோடுகள் இணையாகத் தெரிகின்றன என்பதற்காக "இணை" என்று எழுத முடியாது. தரவில் சொல்லியிருக்க வேண்டும், அல்லது ஏற்கெனவே நிரூபித்த ஒன்றிலிருந்து வர வேண்டும். ஒரு கோணம் செங்கோணம்போல இருப்பதும் இப்படித்தான். மதிப்பெண் போகிற இடங்களில் பெரும்பாலானவை இந்த "தெரிகிறதே" ரகம்தான்.

படம் எதையெல்லாம் சொல்லலாம் என்பதற்கும் ஓர் எல்லை உண்டு. எந்தப் புள்ளி எந்தக் கோட்டின் மேல் இருக்கிறது, எந்த இரண்டு கோடுகள் வெட்டிக்கொள்கின்றன, எது எதற்கு நடுவில் இருக்கிறது என்பதையெல்லாம் பள்ளி அளவில் படத்திலிருந்து எடுத்துக்கொள்ள அனுமதிக்கிறோம். மேலே சொன்ன புதிர் ஏமாற்றுவது இந்தச் சலுகையைப் பயன்படுத்தித்தான்.

இனி அந்த இருசமபக்க முக்கோணத்துக்கே வருவோம். கசட முக்கோணத்தில் கச = கட. ச கோணமும் ட கோணமும் சமம் என்று காட்ட வேண்டும். வழக்கமாகப் பாடநூலில் வருவது இது: க கோணத்தின் இருசமவெட்டியை வரைக, அது சட-வை த-வில் சந்திக்கட்டும். இப்போது கசத, கடத என்று இரண்டு முக்கோணங்கள். கச = கட, இது தரவு. கத இரண்டுக்கும் பொது. அவற்றுக்கு இடையிலான கோணங்கள் சமம், நாமே அப்படித்தானே வரைந்தோம். ஆகவே ப-கோ-ப (பக்கம்-கோணம்-பக்கம்) விதிப்படி இரண்டும் சர்வசமம். சர்வசம முக்கோணங்களின் ஒத்த பாகங்கள் சமம் என்பதால் ச, ட கோணங்கள் சமம். முடிந்தது.

ஐந்து வரிதான். ஆனால் இந்த ஐந்து வரியில் மாணவர்கள் தடுமாறும் இடம் முதல் வரி. நிறைய விடைத்தாள்களில் இப்படி இருக்கும்: "க-விலிருந்து சட-வுக்குச் செங்குத்தாகவும் அதை இருசமக் கூறிடுமாறும் கத வரைக." எழுதியவருக்கு எதுவும் தப்பாகத் தோன்றாது, ஏனென்றால் இருசமபக்க முக்கோணத்தில் அந்தக் கோடு உண்மையிலேயே இரண்டையும் செய்யும். ஆனால் க என்ற புள்ளி வழியாகக் கோடு வரையும்போது ஒரே ஒரு நிபந்தனை போடத்தான் உரிமை. செங்குத்து என்று சொன்னால் அது எங்கே விழுகிறதோ அங்கேதான் விழும். நடுப்புள்ளிக்கு வரைகிறேன் என்று சொன்னால் அது எந்தக் கோணத்தில் போகிறதோ அந்தக் கோணத்தில்தான் போகும். இரண்டையும் ஒரே மூச்சில் கேட்பது, நிரூபிக்க வேண்டியதை முன்கூட்டியே எடுத்துக்கொள்வதாகும்.

நடுப்புள்ளிக்கு வரைந்தால் ப-ப-ப விதியில் முடியும். செங்குத்து வரைந்தால் செ-க-ப (செங்கோணம்-கர்ணம்-பக்கம்). மூன்றும் சரிதான் என்று பல பேர் சொல்வார்கள். இங்கேதான் விஷயம் சுவாரசியமாகிறது. செ-க-ப விதியை எப்படி நிரூபிக்கிறோம்? வழக்கமான முறையில், இரண்டு செங்கோண முக்கோணங்களை முதுகோடு முதுகாக ஒட்டி ஓர் இருசமபக்க முக்கோணம் ஆக்கி, அதன் அடிக்கோணங்கள் சமம் என்பதை வைத்து. அதாவது இந்தத் தேற்றத்தை வைத்துத்தான் அது நிற்கிறது. அதையே இங்கே காரணமாகக் காட்டினால் பாம்பு தன் வாலைத் தானே விழுங்கிய கதை.

யூக்ளிட் இந்த வரிசை விஷயத்தில் மிகக் கறாரானவர். ஏறத்தாழ கி.மு. 300-இல் அலெக்சாந்திரியாவில் அவர் எழுதிய எலிமெண்ட்ஸ் 13 புத்தகங்கள் கொண்டது. முதல் புத்தகத்தில் 5 எடுகோள்கள், 48 கூற்றுகள். நிரூபிக்காமல் ஏற்றுக்கொள்ளும் அடிப்படைக்குத்தான் எடுகோள் என்று பெயர். இருசமபக்க முக்கோணத்தின் அடிக்கோணம் பற்றியது அதில் 5-ஆவது கூற்று. கோணத்தை இரண்டாகப் பிரிப்பது எப்படி என்பது 9-ஆவது. ப-ப-ப விதி 8-ஆவது. ஆகவே 5-ஐ நிரூபிக்கும்போது அவர் கையில் கோண இருசமவெட்டியும் இல்லை, ப-ப-ப விதியும் இல்லை. இருந்தது 4-ஆவது கூற்றான ப-கோ-ப மட்டும். அதனால் இரண்டு பக்கங்களையும் கீழே நீட்டி, அங்கே சம நீளங்களை வெட்டி, இரண்டு ஜோடி முக்கோணங்களை ஒப்பிட்டு, சுற்றி வளைத்து முடிக்கிறார். அந்தப் படம் பாலம் போல இருக்கும். மந்தமான மாணவர்கள் அதைத் தாண்ட மாட்டார்கள் என்ற கேலியில் ஐரோப்பாவில் அதற்குக் "கழுதைப் பாலம்" என்று பெயர் வைத்தார்கள்.

கி.பி. 4-ஆம் நூற்றாண்டில் பாப்பஸ் என்ற கணித அறிஞர் இதற்கு ஒரு குறுக்குவழி கண்டார். கோடே வரைய வேண்டாம். கசட முக்கோணத்தைக் கடச முக்கோணத்தோடு ஒப்பிடுங்கள் என்றார். இரண்டும் ஒரே முக்கோணம்தான், ஆனால் எழுத்து வரிசை வேறு. கச = கட, கட = கச, நடுவில் க கோணம் தனக்குத் தானே சமம். ப-கோ-ப. ஆகவே ச கோணம் ட கோணத்துக்குச் சமம். முதல் தடவை கேட்கும்போது ஏதோ கண்கட்டு வித்தை போலத்தான் இருக்கும். கண்ணாடியில் பார்த்த முக்கோணத்தோடு அசலை ஒப்பிடுவதாக நினைத்துக்கொண்டால் விளங்கிவிடும். பள்ளியில் இதைச் சொல்லித்தர ஏன் தயங்குகிறார்கள் என்று எனக்குப் புரியவில்லை. எழுத்து வரிசை என்பது அலங்காரம் இல்லை, எது எதோடு பொருந்துகிறது என்ற தகவலே அதில்தான் இருக்கிறது என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்ட முடியாது.

நம் பாடநூல்காரர்கள் இருசமவெட்டியை முன்னாலேயே பயன்படுத்துவது அப்படியானால் தப்பா? இல்லை. அவர்கள் கிளம்பும் இடம் வேறு. அமெரிக்கக் கணித அறிஞர் ஜார்ஜ் பிர்காஃப் 1932-இல், நீளத்துக்கு அளவுகோல், கோணத்துக்குக் கோணமானி என்று எண்களையே எடுகோள்களில் சேர்த்துக்கொண்டு வடிவியலைக் கட்டலாம் என்று காட்டினார். அந்த வழியில் 70° கோணத்துக்குள் 35° கோடு இருக்கிறது என்பது தொடக்கத்திலேயே கிடைத்துவிடும். எந்தத் தேற்றம் முதலில், எது பிறகு என்பது புத்தகத்துக்குப் புத்தகம் மாறலாம். ஒரே புத்தகத்துக்குள் மேலே உள்ளதை வைத்துக் கீழே உள்ளதை நிரூபித்து, பிறகு கீழே உள்ளதை வைத்து மேலே உள்ளதை நிரூபிக்கக் கூடாது, அவ்வளவுதான்.

அப்புறம் அந்த இரண்டு பத்தி அட்டவணை. இடப்பக்கம் கூற்று, வலப்பக்கம் காரணம். 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அமெரிக்கப் பள்ளிகளில் வேரூன்றிய வடிவம் அது. இயந்திரத்தனமானது என்று அதைத் திட்டுபவர்கள் உண்டு. எனக்கும் பெரிய பிரியம் இல்லை. ஆனால் புதிதாகக் கற்பவருக்கு வலப்பக்கம் காலியாகக் கிடப்பது கண்ணில் குத்தும், அது ஒரு நன்மை. அந்த வலப்பக்கத்தில் எழுதக்கூடியவை நாலு வகைதான்: தரவு, வரையறை, எடுகோள், முன்பே நிரூபித்த தேற்றம். நாமே வரைந்துகொண்ட அமைப்பையும் தரவோடு சேர்த்துக்கொள்ளலாம். "படத்திலிருந்து" என்பது அதில் இல்லை.

நிரூபணத்தை எழுதும் திசையும் கண்டுபிடிக்கும் திசையும் ஒன்றல்ல. அச்சில் அது மேலிருந்து கீழே ஓடுவதால், யோசித்தவரும் அப்படித்தான் யோசித்தார் என்று மாணவர் நினைத்துக்கொள்கிறார், "எனக்கு அது தோன்றவே தோன்றாது" என்று மனம் உடைகிறார். உண்மையில் பெரும்பாலும் கீழிருந்துதான் தொடங்குவோம். இணைகரத்தின் மூலைவிட்டங்கள் ஒன்றையொன்று இருசமக் கூறிடும் என்பதை எடுத்துக்கொள்வோம். கசடத ஓர் இணைகரம், மூலைவிட்டங்கள் ம-வில் வெட்டுகின்றன. வேண்டியது கம = மட, சம = மத. இரண்டு நீளங்கள் சமம் என்று காட்டப் பழக்கமான வழி எது? அவை சர்வசம முக்கோணங்களின் ஒத்த பக்கங்களாக இருக்க வேண்டும். அப்படிப்பட்ட முக்கோணங்கள் எவை? கமச-வும் டமத-வும் இருக்கின்றன. அவற்றைப் பற்றி நமக்கு என்ன தெரியும்? கச-வும் டத-வும் இணைகரத்தின் எதிர்ப்பக்கங்கள், ஆகவே சமம். அவை இணையும்கூட, ஆகவே மூலைவிட்டங்கள் குறுக்குவெட்டிகளாகி ஒன்றுவிட்ட கோணங்களைச் சமமாக்குகின்றன: க முனையில் உள்ளது ட முனையில் உள்ளதற்கு, ச முனையில் உள்ளது த முனையில் உள்ளதற்கு. கோ-ப-கோ. இப்போது தலைகீழாகப் புரட்டி எழுதினால் நிரூபணம் தயார்.

இதே கணக்கில், ம-வில் குத்தெதிர்க் கோணங்கள் சமம் என்பதையும் சேர்த்து மூன்று கோணங்களை வரிசையாக எழுதி "ஆகவே சர்வசமம்" என்று முடிப்பவர்கள் உண்டு. மூன்று கோணங்கள் சமமானால் வடிவம் ஒன்றாக இருக்கும், அளவு ஒன்றாக இருக்க வேண்டியதில்லை. அது வடிவொப்புமை மட்டுமே. முக்கோணத்தைக் கமச என்று எழுதினால் மற்றதை டமத என்றுதான் எழுத வேண்டும். மதட என்று எழுதினால் க-வோடு ம பொருந்துவதாக ஆகிவிடும். பாப்பஸை நினைத்துக்கொள்ளுங்கள்.

இன்னொரு பொறி, ப-ப-கோ. இரண்டு பக்கங்களும் அவற்றுக்கு இடையில் இல்லாத ஒரு கோணமும் சமமாக இருந்தால் போதாதா? வரைந்து பார்த்தால் தெளிந்துவிடும். க-வில் 30° கோணம் வரைந்து, ஒரு கதிரில் 10 செ.மீ. தள்ளி ச-வைக் குறியுங்கள். ச-வை மையமாக வைத்துக் காம்பஸில் 6 செ.மீ. எடுத்து வில் போடுங்கள். ச-விலிருந்து மற்றக் கதிருக்குச் செங்குத்துத் தொலைவு 5 செ.மீ.தான். அதனால் 6 செ.மீ. வில் அந்தக் கதிரை இரண்டு இடங்களில் வெட்டும்: க-விலிருந்து சுமார் 5.3 செ.மீ.யில் ஒன்று, சுமார் 12 செ.மீ.யில் ஒன்று. ஒரே அளவுகள், இரண்டு வேறு முக்கோணங்கள். கோணம் செங்கோணமாக இருந்தால் இந்தக் குழப்பம் வராது. செ-க-ப என்று தனியாக ஒரு விதி இருப்பதற்குக் காரணம் அதுதான்.

மறுதலையை, அதாவது தேற்றத்தின் தரவையும் முடிவையும் இடம் மாற்றிய கூற்றைப் பற்றியும் ஒரு வார்த்தை. செவ்வகத்தின் மூலைவிட்டங்கள் சமம். அதனால் மூலைவிட்டங்கள் சமமான நாற்கரமெல்லாம் செவ்வகமா? இருசமபக்கச் சரிவகத்தை வரைந்தால் இல்லை என்று தெரியும். சில தேற்றங்களின் மறுதலை உண்மை, சிலவற்றுக்கு இல்லை. உண்மையாக இருந்தாலும் அதற்குத் தனி நிரூபணம் வேண்டும். பிதாகரஸ் தேற்றத்தை முதல் புத்தகத்தின் 47-ஆவது கூற்றாக நிரூபித்த யூக்ளிட், மறுதலையை 48-ஆவதாகத் தனியே நிரூபித்துத்தான் புத்தகத்தை மூடுகிறார்.

இத்தனையும் சொல்லிக் கொடுத்த பிறகும் சிலருக்கு நிரூபணம் பிடிபடாது. அவர்களைக் குறை சொல்லும் முன் நெதர்லாந்தின் ஆசிரியத் தம்பதி பியர், தீனா வான் ஹீலே சொன்னதைக் கேட்கலாம். 1957-இல் உத்ரெக்ட் பல்கலைக்கழகத்தில் இருவரும் முனைவர் பட்ட ஆய்வேடுகளைச் சமர்ப்பித்தனர். வடிவியல் சிந்தனை படிப்படியாக வளர்கிறது என்பது அவர்கள் கருத்து. முதலில் சதுரத்தை அதன் தோற்றத்தால் அடையாளம் காண்கிறோம். அடுத்து அதன் பண்புகளைப் பட்டியலிடுகிறோம். அதற்கும் அடுத்துத்தான் ஒரு பண்பிலிருந்து இன்னொன்று வருகிறது, சதுரமும் ஒரு செவ்வகம்தான் என்பதெல்லாம் புலப்படும். முறையான நிரூபணம் அதற்கும் மேலே. ஆசிரியர் நாலாவது படியில் நின்று பேச, மாணவர் இரண்டாவதில் நின்று கேட்டால் இருவரும் வேறு வேறு மொழி பேசுவது போலத்தான் இருக்கும். சாய்த்து வரைந்த சதுரத்தை "சாய்சதுரம், சதுரம் இல்லை" என்று சொல்லும் பிள்ளையிடம் தேற்றத்தை நீட்டிப் பயனில்லை. வடிவங்களை வெட்டி, மடித்து, வகைப்படுத்தி விளையாட அவருக்கு இன்னும் கொஞ்ச காலம் வேண்டும்.

எதிர்ப்பக்கத்தில், ரொம்பக் கூர்மையான பிள்ளை ஒருவர் வகுப்பில் இருந்தால் என்றாவது ஒருநாள் கேட்பார்: "எல்லாவற்றையும் நிரூபிக்கிறோம், சரி. ப-கோ-ப விதியை எப்படி நிரூபிப்பது?" யூக்ளிட் நிரூபணம் என்று ஒன்று தருகிறார்: ஒரு முக்கோணத்தைத் தூக்கி மற்றதன் மேல் வைத்தால் கச்சிதமாகப் பொருந்தும் என்கிறார். ஆனால் உருவத்தைத் தூக்கலாம், தூக்கும்போது நீளமும் கோணமும் மாறாது என்று அவருடைய 5 எடுகோள்களில் எங்கும் இல்லை. ஜெர்மானியக் கணித அறிஞர் டேவிட் ஹில்பர்ட் 1899-இல் வடிவியலின் அடித்தளத்தை மறுபடி ஒழுங்குபடுத்தியபோது, தூக்கி வைக்கும் வேலையை விட்டுவிட்டு, ப-கோ-ப-வின் சாரத்தை எடுகோளாகவே வைத்துக்கொண்டார். பாடநூல் அதைக் கட்டம் கட்டி அச்சிட்டுவிட்டு, நிரூபணம் தராமல் அடுத்த பக்கத்துக்குப் போவது சோம்பலால் அல்ல.